கடலை மூன்று டிகிரி குளிரவைத்த வரலாறு

கடல்நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதில் ஒரு வெப்பமானியைப் போட்டுப் பார்க்க வேண்டும். மனிதகுலம் ஏற்றுக்கொண்ட முறை இது. ஹோபார்ட் நகரத்துத் தென்கடல் தரவு மையமும் கொள்கையளவில் இதை ஏற்றுக்கொண்டிருந்தது.

அந்த மையத்தில் டெஸ்ஸா கில்ஃபாயில் என்றொரு பெண் வேலை பார்த்தாள். கடலில் மிதக்கிற கருவிகள் அனுப்பும் எண்களை வாங்கி, ஒழுங்குபடுத்தி, எவரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் வைப்பது அவள் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகமே பின்கட்டில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த மத்தியானத்தில், அவள் ஒரு சின்னப் பக்கம் எழுதினாள். வெள்ளைத் திரை, நடுவில் ஒரே ஒரு எண். காக்கிள் குடாவின் வாசலில் மிதக்கிற மஞ்சள் மிதவை அந்த நிமிஷம் அளந்த வெப்பம். அவ்வளவுதான். வண்ணம் கிடையாது, வரைபடம் கிடையாது, மையத்தின் சின்னம்கூடக் கிடையாது. கடைசியாகச் சொன்ன குறைதான் பிற்பாடு பெரிய குற்றமாயிற்று.

காக்கிள் குடாவில் பதினொரு சிப்பிப் பண்ணைகள். அங்கே கோடையான பிப்ரவரி வந்தால் வடக்கேயிருந்து வெந்நீரோட்டம் ஒன்று இறங்கி வரும். வாசலில் நுழைந்து பண்ணைகளைத் தொட எட்டு மணி நேரம் எடுக்கும். வாசலில் இருபத்தொரு டிகிரி தாண்டியது தெரிந்தால், அந்த எட்டு மணி நேரத்துக்குள் கூடைகளை ஆழத்துக்கு இறக்கிவிடலாம். தெரியாமல் போனால் சிப்பியெல்லாம் வாயைப் பிளந்துவிடும், இரண்டு வருஷ உழைப்பு மூன்று நாளில் நாறும். அதனால் வெர்ன் ஆட்லம் என்ற பண்ணைக்காரர் காலையில் கண் விழித்ததும் முதலில் டெஸ்ஸாவின் எண்ணைப் பார்ப்பார், அப்புறம்தான் கெட்டிலைத் தட்டுவார். மனைவி முகத்தைப் பார்ப்பது மூன்றாவது. இதை அந்த அம்மாளே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால், சீர்திருத்தம் தேவைப்பட்டது.

சீர்திருத்தத்துக்கென்றே வந்தார் அலிஸ்டர் ப்ரூம்ஹால். பெருங்கடல் தரவு மாற்றம் மற்றும் பயனர் மனநிறைவுப் பிரிவின் தலைமை இயக்குநர். இதற்கு முன்னால் ஒரு விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையைச் சீர்திருத்தியவர். சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் பந்தா இல்லாதவர். எல்லோரும் தன்னைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று கையொப்பமிட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார், மீறியவர்களிடம் விளக்கமும் கேட்டார்.

இரண்டு வருஷம், நாற்பத்தாறு பட்டறைகள். சுவர் முழுக்க ஒட்டுத்தாள்கள். அதில் ஒன்றில் யாரோ 'தண்ணீர்?' என்று எழுதியிருந்தார்கள், அது தலைப்புக்குள் வராது என்று கிழித்துவிட்டார்கள். முடிவில் 'ஒருங்கிணைந்த பெருங்கடல் தரவு வாயில்' என்ற இணையதளம் பிறந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு டால்ஃபின் துள்ளி வந்து, "இன்று கடலைப் பற்றி எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கும். ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டால்தான் நகரும். அதற்கப்புறம் ஆறு பக்கம் தாண்டி, பச்சை வட்டத்துக்குள் வெப்பநிலை. டெஸ்ஸாவின் பக்கம் சின்னம் இல்லாத காரணத்தால் மூடப்பட்டது.

வாயிலுக்கு ஒரு தரக்கட்டுப்பாடும் இருந்தது. நாற்பது வருஷப் பதிவின் மாதச் சராசரிகளில் இல்லாத வெப்பநிலை வந்தால், அது கருவியின் கோளாறு என்று தள்ளிவிட்டு, கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். காக்கிள் குடாவுக்கு அந்த எல்லை இருபது டிகிரி.

முதல் பிப்ரவரியிலேயே கடல் இருபத்திரண்டைத் தொட்டது. தளமோ மூன்று நாள் முழுக்கப் பச்சை வட்டத்தில் பதினெட்டரை காட்டியது. வெர்னுக்குப் பாதிச் சிப்பி போயிற்று. மனுஷர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் டெஸ்ஸா தாங்கியிருப்பாள். "உன் எண்ணை நம்பித்தானம்மா இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டெஸ்ஸா நேரே அலிஸ்டரின் அறைக்குப் போனாள். அவர் நின்றுகொண்டே வேலை செய்கிற மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கடல் இருபத்திரண்டு டிகிரி இருந்திருக்கு, அலிஸ்டர். நம்ம தளம் அதைத் தூக்கிப் போட்டுடுச்சு."

"இருபத்திரண்டு சாத்தியமில்லையே. நாப்பது வருஷப் பதிவுல கிடையாது."

"இப்ப வந்திருக்கு. சிப்பி செத்திருக்கு."

"சிப்பி செத்தது தரவு இல்ல, டெஸ்ஸா. அது பயனர் கருத்து. அதுக்கு டால்ஃபின்கிட்ட தனியா இடம் கொடுத்திருக்கோம்."

"சரி, அந்த எல்லையையாவது உயர்த்தலாமா?"

"தாராளமா உயர்த்தலாம். இருபத்திரண்டு பதிவானதா ஒரு சான்று கொண்டுவாங்க, குழுவுல வைக்கிறேன்."

"பதிவாக விடாம தடுக்கிறதே அந்த எல்லைதானே?"

அலிஸ்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பிரச்சனையை எவ்வளவு தெளிவா புரிஞ்சுக்கிட்டீங்க. இப்படிப்பட்ட ஆட்கள்தான் நமக்கு வேணும்."

அதன் பிறகு டெஸ்ஸா தினமும் காலையில் வெர்னுக்கு போன் போட்டு மிதவையின் நிஜ எண்ணை வாசித்தாள். ஒன்பதாம் நாள் சுற்றறிக்கை வந்தது: சரிபார்க்கப்படாத தரவை வாய்மொழியாக வெளியிடுவது வெளியீடாகவே கருதப்படும்.

படிவங்களையெல்லாம் இழுத்துப் போட்டுப் படித்தாள். எல்லையை உயர்த்த ஐந்து குழுக்கள், பதினெட்டு மாதம். ஆனால் 'கருவித் திருத்தம்' என்று ஒரு அரைப்பக்கப் படிவம் இருந்தது. கருவி கூடக்குறைய அளக்கிறது என்று தொழில்நுட்ப ஊழியர் கருதினால், ஒரு எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். யாருடைய கையொப்பமும் வேண்டாம். டெஸ்ஸா 'மூன்று டிகிரி கழிக்கவும்' என்று நிரப்பினாள். கடல் இருபத்திரண்டானால் தளத்துக்குப் பத்தொன்பது போகும். பத்தொன்பது நல்ல பிள்ளை, தடையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை வெர்னைக் கூப்பிட்டாள். "தளத்துல வர்ற எண்ணோட மூணு கூட்டிக்குங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. இனிமே நான் போன்ல எது சொன்னாலும் அது ஆபீஸ் பேச்சுன்னு வச்சுக்குங்க, நம்பாதீங்க, யாராவது பக்கத்துல இருப்பாங்க."

"புரிஞ்சுதும்மா. செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார் வெர்ன். சாயங்காலத்துக்குள் பதினொரு பண்ணைக்கும் தெரிந்துவிட்டது. மதுக்கடைச் சுவரில் அம்பு விளையாட்டுக் கணக்கெழுதும் பலகையில் யாரோ பெரிதாக '3' என்று எழுதி வட்டம் போட்டுவைத்தார்கள்.

அடுத்த கோடையில் வெந்நீர் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் கூடைகள் நேரத்துக்கு இறங்கின. ஒரு சிப்பிகூடச் சாகவில்லை. வெர்ன் நான்கு டஜன் சிப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அவள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். டெஸ்ஸா அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், தனியாகவே இரண்டு டஜன் தின்றாள்.

அவள் மறந்தது ஒன்றுதான். அந்தத் தளத்தைப் பண்ணைக்காரர்கள் மட்டும் பார்க்கவில்லை, அலிஸ்டரும் பார்த்தார்.

ஒரு நாள் காலைத் தேநீருக்கு அவர் வண்ண வரைபடத்தோடு வந்தார். நாற்பது வருஷமாக ஏறிக்கொண்டே வந்த கோடு, தளம் தொடங்கிய வருஷத்துக்கு மறுவருஷம் தொப்பென்று மூன்று டிகிரி விழுந்திருந்தது.

"நாம வேற எதையும் மாத்தல" என்றார். குரல் தழுதழுத்தது. "தளத்தை மட்டும்தான் மாத்தினோம்."

டெஸ்ஸா கடித்த லாமிங்டன் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். மத்தியானம் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தானே உட்கார்ந்து மூன்றைக் கழித்ததாகச் சொன்னாள். படிவத்தின் நகலையும் எடுத்து வைத்தாள்.

அலிஸ்டர் படிவத்தை வாசித்தார்.

"இந்தத் தளம் தப்பான தரவை ஏத்துக்காது, டெஸ்ஸா. அப்படித்தான் கட்டியிருக்கோம். ஏத்துக்கிட்டிருக்குன்னா அது சரியான தரவு." அப்புறம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கடலைக் குளிரவச்சது நீங்கதான்னு நான் மேடையிலயே சொல்றேன். இவ்வளவு தன்னடக்கம் கூடாது."

அமைச்சர் காக்கிள் குடாவுக்கே வந்தார். சமுதாயக்கூடத்தில் நாற்காலி போதவில்லை. நல்ல தரவு மேலாண்மை எப்படி ஒரு கடலையே நெறிப்படுத்த முடியும் என்பதை உலகம் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மையார் பேசினார். பதினொரு பண்ணைக்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினார்கள். வெர்ன் விசிலடித்தார். அமைச்சர் "மூன்று டிகிரி" என்று சொன்னபோதெல்லாம் ஒருவரையொருவர் விலாவில் இடித்துக்கொண்டு அடக்க முடியாமல் குலுங்கினார்கள். டெஸ்ஸாவை மேடைக்கு அழைத்துக் கண்ணாடியில் செய்த அலை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒலிவாங்கி எதிரிலேயே இருந்தது. சொல்லியிருக்கலாம். அவள் நன்றி என்றாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது அதற்காகத்தான்.

ஒரு மாதத்தில் ஆணை வந்தது. காக்கிள் குடா வெற்றிகரமாகக் குளிர்ந்துவிட்டதால், அங்கே இனி வெப்பமானி தேவையில்லை. இன்னும் குளிராத கடல்களுக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது. மிதவையின் வயிற்றைத் திறந்து கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள். மஞ்சள் மேற்கூட்டை மட்டும் அங்கேயே மிதக்கவிட்டார்கள். அமைச்சர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட பொருள், அகற்றுவதற்கு நெறிமுறை இல்லை. தளத்தில் எண் நிற்கக்கூடாது என்பதால், கடந்த காலத்து எண்களைக் கொண்டு இன்றைய எண்ணை அதுவே ஊகித்துக்கொள்ளும்படி ஒரு புதிய ஏற்பாட்டை வாங்கிப் பொருத்தினார்கள். டால்ஃபினுக்குப் புதுத் தொப்பி வந்தது.

டெஸ்ஸா அன்றைக்கே வெர்னுக்கு போன் செய்தாள்.

"அந்த எண்ணை இனிமே நம்பாதீங்க. மிதவைக்குள்ள கருவியே இல்ல."

மறுமுனையில் வெர்ன் ரகசியக் குரலில், "பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?" என்றார்.

"யாரும் இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். அந்த எண் கடல்லேருந்து வரல. அதுவா ஊகிக்குது."

"சரி சரி. நீ ஆபீஸ் பேச்சைப் பேசு, நான் கேட்டுக்கிறேன். மிதவையைத்தான் நான் தினம் பாக்கிறேனே, மஞ்சளா நல்லாத்தான் ஆடிக்கிட்டிருக்கு."

அவள் மற்ற பத்துப் பேருக்கும் போட்டாள். பத்துப் பேரும் அதே மாதிரி குரலைத் தாழ்த்தி, அவளுடைய சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வெந்நீர் வந்தது. இருபத்திரண்டரை இருந்திருக்கும் என்று பின்னால் சொன்னார்கள், அளக்கத்தான் ஒன்றும் இல்லை. தளம் பதினாறு காட்டியது. காக்கிள் குடா மூன்றைக் கூட்டி, பத்தொன்பதுதானே என்று கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தது.

டெஸ்ஸா போய்ச் சேர்ந்தபோது நாற்றம் நெடுஞ்சாலைத் திருப்பத்திலேயே அடித்தது. பதினொரு பேரும் இடுப்புவரை ரப்பர் உடுப்போடு கரையில் நின்றார்கள். கூடை கூடையாக, வாயைப் பிளந்த சிப்பிகள். வெர்ன் ஒன்றைக் கையில் எடுத்து, மூடிப் பார்த்தார், அது மறுபடி திறந்துகொண்டது. அவர் கண் சிவந்திருந்தது. டெஸ்ஸா அழுதுவிட்டாள். அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று திணறித் திணறிச் சொன்னாள்.

"அதை விடும்மா" என்றார் வெர்ன். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. தப்பு எங்க மேலதான், பழைய கணக்கையே பிடிச்சுக்கிட்டிருந்தோம்." பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். "இனிமே எத்தனை கூட்டணும்னு மட்டும் சொல்லு."

பதினொரு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெஸ்ஸா தளத்தைத் திறந்தாள். எப்படி உணர்கிறீர்கள் என்று டால்ஃபின் கேட்டதற்குச் சிரித்த முகத்தைத் தொட்டாள், அதுதான் சீக்கிரம் உள்ளே விடும். பச்சை வட்டத்தில் இன்னும் பதினாறு, அதை இருபத்திரண்டிலிருந்து மனதுக்குள் கழித்தாள்.

"ஆறு" என்றாள்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.