கொட்வினின் மரபுத் தொப்பி

முன்னொரு காலத்திலே, ஏழு கடலையும் ஏழு மலையையும் தாண்டி வந்த ஒருவன், எட்டாவதாக ஓர் அலுவலக வாசலில் இலக்கத் துண்டோடு மாட்டுப்பட்டு நின்றானாம். அந்தக் காலம் போன வைகாசி. அந்த அலுவலகம் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில். அவன் பெயர் கொட்வின்.

மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்த கொட்வின் வாயைத் திறந்தால் ஒரே சொல்தான் வரும்: “மன்னிக்கவும்.” பேருந்தில் யாராவது அவன் காலை மிதித்தாலும் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். மாசியில் என்ன நினைத்தானோ, அளவெடுத்துத் தைத்த ட்வீட் கோட்டுச் சூட்டும், அதே கம்பளியில் ஒரு தட்டைத் தொப்பியும் வாங்கிப் போட்டான். அன்றைக்கே பேக்கரியில், “கருகின பாண் வேண்டாம், மற்றதைத் தாங்கோ” என்றான். மறுநாள் மருத்துவமனை மேலாளர் அவனுக்குக் கதவு திறந்துவிட்டார். துணிவு தலைக்கேறியது, தொப்பி அதை அங்கேயே பிடித்து வைத்தது.

ஆவணியில் ரொறன்ரோவில் தங்கச்சிக்குக் கலியாணம். கடவுச்சீட்டுக்குத் தொப்பியோடு எடுத்த படத்தை அந்த அலுவலகத்தில் நீட்டினான்.

“தலையிலுள்ள பொருள் சமயம் சார்ந்ததா?” என்றார் அதிகாரி திருமதி க்ரோன்.

“இல்லை. துணிவு சார்ந்தது.”

“அதற்குப் படிவம் இல்லை. மரபு சார்ந்தது என்றால் உங்கள் தமிழ்ச் சங்கத்தின் கடிதம் போதும்.”

சங்கத் தலைவர் இராசலிங்கம் அண்ணை தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உது எங்கட மரபோ தம்பி?”

“இல்லை அண்ணை.”

“அப்ப எழுதிறது சுகம். உள்ள மரபெண்டால்தான் ஆளாளுக்கு வந்து பிழை பிடிப்பினம்.”

எழுதினார்: “ஆதிகாலந்தொட்டு எம்மினத்தார் யாழ்ப்பாணத்து வெயிலில் தடித்த கம்பளி அணிந்து வந்தனர் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.” கீழே ஊதா முத்திரை. முத்திரை வட்டமாக விழுந்ததால் உண்மையும் முழுமையாக இருந்தது.

பண்பாட்டை மதிப்பதில் அந்த அலுவலகத்தை அடிக்க ஆளில்லை. மறுவாரமே சுற்றறிக்கை: இனித் தமிழர்களின் படங்கள் மரபுத் தொப்பியோடு மட்டுமே ஏற்கப்படும். கொட்வினின் படம் திரும்பி வந்தது. சுற்றறிக்கைக்கு முன்னர் எடுத்த படமாம், செல்லாது.

ஆடி வெயிலில் காத்திருப்பு மண்டபம் முழுக்க ட்வீட். கமலநாயகி அக்கா சேலைக்கு மேல் கோட்டு மாட்டி, கொண்டைக்கு மேல் தொப்பியைக் கவிழ்த்திருந்தார்.

“எங்கட பரம்பரைத் துணியில கட்டம் பெரிசக்கா,” என்றாள் பக்கத்திலிருந்த பிறேமா. “உங்கட சின்னக் கட்டம் ஆரின்ர பக்கத்தால வந்தது?”

இத்தனை தொப்பிக்குள் கொட்வினை ஒருவரும் கவனிக்கவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. தொப்பியைக் கழற்றினான்.

“தம்பி! மரபை மடியில வைக்காதை,” என்றார் இராசலிங்கம் அண்ணை, தன் தொப்பியைச் சரிசெய்தபடி. “ரெண்டாயிரம் வருசமாப் போடுறம்.”

“பொய் அண்ணை! இது நான் மாசியில வாங்கின தொப்பி!”

தொப்பிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. வெறுந்தலையோடு கொட்வின் போட்ட முதல் சத்தம் அது. அவனுக்கே புல்லரித்தது.

கமலநாயகி அக்கா உச்சுக் கொட்டினார். “பாருங்கோ, சின்னனில இந்த நாட்டுக்கு வந்த பிள்ளையளுக்கு எங்கட சரித்திரமே தெரியாது.”

அண்ணை குனிந்து மெதுவாகக் கேட்டார்: “கலியாணம் எப்ப?”

“வாற மாசம்.”

“அப்ப போடு.”

போட்டான். கடைசியாக அவன் இலக்கம் வந்தது. திருமதி க்ரோன் புதுப் படத்தில் முத்திரை குத்தினார். மரியாதைக்காக அவரும் ஒரு தொப்பி போட்டிருந்தார்.

“அருமையான மரபு. வேறேதும் சொல்ல விரும்புகிறீர்களா?”

“மன்னிக்கவும்,” என்றான் கொட்வின்.

வாசலில் காவலாளி கதவைப் பூட்டும் அவசரத்தில் அவன் காலை மிதித்தார். அவரிடமும் அதையே சொல்லிவிட்டு நடந்தான்.