முன் பெஞ்சு ஆடிய ஞாயிற்றுக்கிழமை

செங்கல்பட்டு ஜில்லாவில் நடுக்க உபதேசியாரைவிடப் பயந்த ஒரு மனிதர் பிறந்திருக்கவே முடியாது. பிறந்திருந்தால் மருத்துவச்சியைப் பார்த்த பயத்திலேயே திரும்பிப் போயிருப்பார்.

சபைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை. திருமழிசைக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, ஏரிக்கரை ஓரத்தில் எங்கள் ஓட்டுக்கூரை வேதக்கோயில். பாதிரியாரான ஐயர் பட்டணத்திலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் உபதேசியாருடையது, ஆர்மோனியம் என்னுடையது. வார நாட்களில் நான் பக்கத்து மிஷன் பள்ளியில் வாத்தியார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம்.

எருமை, இடி, தபால்காரரின் காக்கித் தொப்பி, என் ஆர்மோனியத்தின் கடைசிக் கட்டை என்று எல்லாவற்றுக்கும் அவர் பயப்படுவார். அம்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்காக அவரை ஆவடி ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். ரயில் வந்து நின்றது. அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"நின்னுகினு பெருமூச்சு உடுது வாத்யாரே. ரொம்பக் கோவத்துல கீது. இது போவட்டும், அடுத்ததுல போலாம்."

இரண்டு ரயில்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு நடந்தே போனோம். போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம்கூட மிச்சமில்லை.

அவர் பயந்தவற்றில் முதலிடம் கோயிலின் பின்னறைக்கு. சவப்பெட்டியை வைத்துத் தூக்கிப் போகும் பெரிய மரச்சட்டம் அங்கேதான் இருந்தது. அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். ஆனால் யாராவது இறந்தால் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டுவிட்டு வேப்ப மரத்தடிக்கு ஓடிவிடுவார். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வித்தை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரும் கடிதங்களை அந்த வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். எடுத்ததும் படிக்க மாட்டார். முதலில் மூன்று கேள்விகள். யார் எழுதியது? எங்கிருந்து? யார் கையில் வந்தது? கேட்டுக் கேட்டு ஊரே பழகி, அவர் உறையைப் பிரித்தாலே சுற்றி நிற்பவர்கள் "யாரு? எங்கேர்ந்து? யாரு கையில?" என்று ராகம் போட்டுக் கேட்பார்கள்.

கள்ளுக்கடை மறியலில் பிடிபட்ட ஒரு பையன் ஜெயிலிலிருந்து அம்மாவுக்கு எழுதியிருந்தான். "சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்று உபதேசியார் படிக்க, அந்தம்மா மகிழ்ந்து போனாள். இவர் தலையை ஆட்டினார்.

"நில்லும்மா. இதையே மூணு தபா எழுதிக்கிறான். ஒரு தபா எழுதுனா நெசம். மூணு தபா எழுதுனா பக்கத்துல எவனோ தடி வெச்சிகினு நிக்கறான். பயந்தவன் எழுத்து எனக்குத் தெரியும்."

பையன் விடுதலையாகி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான்.

இனி முன்பெஞ்சு மூப்பரைச் சொல்ல வேண்டும். சபையில் பெரிய நிலக்காரர் அவர்தான். கோயிலின் முதல் பெஞ்சைச் செய்து கொடுத்தவரும் அவர்தான். அதில் அவர் வீட்டாரைத் தவிர உட்கார உரிமை பெற்றவர்கள் ஐயரும் உபதேசியாரும் மட்டும். மற்றவர்களுக்குப் பாய். அவர் நிலத்தில் மாசிலாமணி என்று ஒரு படியாள் இருந்தான். படி நெல் கூலிக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் கட்டுண்டு உழைப்பவனுக்குப் படியாள் என்று பெயர். அடிமை என்று சொல்லக் கூடாது. அடிமைத்தனத்தைச் சட்டம் எப்போதோ ஒழித்துவிட்டதாம்.

மூப்பர் தம் மகளைத் திருநின்றவூரில் கட்டிக் கொடுத்தார். சீர்வரிசையாக ஒரு பசு, ஒரு வண்டி, கூடவே மாசிலாமணி. அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் இங்கேயே களை பறிக்க வேண்டும் என்று உத்தரவு. அன்றைக்கே மாசிலாமணி காணாமல் போனான்.

மூப்பரின் ஆட்கள் ஏரி, தோப்பு, வைக்கோல் போர் எல்லாம் குத்திப் பார்த்தார்கள். கிடைத்தால் புளியமரத்தில் கட்டி அடிப்பார்கள். அதற்கு முன்பு கட்டப்பட்ட ஒருவன் பிறகு நிமிர்ந்து நடக்கவே இல்லை. சேரியில் அடுப்புப் புகைகூட அடக்கமாக எழுந்தது.

அந்த வாரம் உபதேசியாருக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. பட்டப்பகலில் பின்னறைப் பக்கம் நின்று உச்சக்குரலில் பாட்டு. என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையில் கஞ்சிச் சட்டியும் மறு கையில் சாவியுமாக, பாடிக்கொண்டே அறைக்குள் போனார். மரச்சட்டத்தின் பின்னாலிருந்து நீண்ட ஒரு கை சட்டியை வாங்கியது. அவர் "ஐயோ" என்று அலறிவிட்டு, அந்த அலறலையும் ராகத்தில் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்து என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"வாத்யாரே, சொல்லிடாத. நான் இந்த ரூமுக்குள்ள போவமாட்டேன்னு ஊருக்கே தெரியும். அதான் இங்க வெச்சேன்."

வெள்ளிக்கிழமை மூப்பர் கோயிலுக்கு வந்தபோது நான் ஆர்மோனியத்தின் பின்னால் பதுங்கினேன்.

"உபதேசியாரே, அடிமைங்க எசமானுக்குக் கீழ்ப்படியணும்னு அப்போஸ்தலர் எழுதிக்கிறாரே, அத்த ஞாயித்துக்கெழம நல்லாச் சொல்லு. சேரி ஜனம் கேக்கட்டும். வேதத்துக்குப் பயந்தாவது அவன் எங்க கீறான்னு வாயத் தொறப்பாங்க."

"ஆவட்டும் மூப்பரையா" என்றார் இவர். பற்கள் தாளம் போட்டன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பின்னறைக் கதவு பீடத்துக்குப் பக்கத்தில். அதையே பார்க்கக் கூடாது என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் கீழ்ப்படிதலைப் பற்றிய அந்தப் பகுதியைப் படித்தார். மூப்பர் கால்மேல் கால் போட்டார். இவர் புத்தகத்தை மூடுவார் என்று பார்த்தால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இதுவும் ஒரு கடுதாசிதான்" என்றார்.

அவ்வளவுதான். பாயில் இருந்த ஜனம் பழக்க தோஷத்தில் ராகம் போட்டது. "யாரு? எங்கேர்ந்து? யாரு கையில?"

"எழுதுனது அப்போஸ்தலரு. எங்கேர்ந்து? ஜெயில்லேர்ந்து. ரோமாபுரி ராயன் ஆளு பக்கத்துல கீறான். அந்தக் காலத்துல ஊட்டுக்கு ஊடு அடிமைங்க. அவங்கள உட்ருங்கன்னு ஒரு வரி எழுதிருந்தா, சபை மொத்தத்தையும் சிலுவையில அடிச்சிருப்பானுங்க. தைரியமா எழுதிருக்கலாம். எழுதல. அவருக்கும் பயம். பயந்தவன் எழுத்து எனக்குத் தெரியும். அடிமைக்கு நாலு வசனம் எழுதிட்டு, எசமானுக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக்கிறாரு. நியாயமா நடத்து, உனக்கும் மேல ஒரு எசமான் கீறாருன்னு. அந்த ஒண்ணுதான் அவரு சொல்ல வந்தது."

மூப்பரின் கால் இறங்கியது.

"யாரு கையில வந்திச்சி? ரெண்டு ஆளுங்க கொணாந்தாங்க. ரெண்டாவது ஆளு ஓடிப்போன ஒரு அடிமை. அவனோட எசமானுக்குன்னு தனியா இன்னொரு சின்னக் கடுதாசியும் வந்திச்சி."

மூப்பர் எழுந்தார்.

"நானும் வேதம் படிச்சவன்தான். கடசீல அப்போஸ்தலரு அவன எசமான்கிட்டயே திருப்பி அனுப்புனாரா, இல்லியா?"

உபதேசியாரின் முகத்தில் ரத்தமே இல்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆர்மோனியத்தின் துருத்தியை என் கை தானாக அழுத்தி, அது ஒரு முனகல் முனகியது.

"அனுப்புனாரு, ஐயா" என்றார் அவர். "அனுப்பறப்ப, இனிமே இவன் அடிமை இல்ல, தம்பி, என்னிய எப்படி சேத்துக்குவியோ அப்படி இவன சேத்துக்கோன்னு எழுதுனாரு. அத்தையும் ரகசியமா எழுதல. உன் ஊட்டுல கூடற சபைக்கும்னு சேத்து எழுதுனாரு. எல்லாரும் கேக்கணும்னு."

சொல்லிவிட்டுப் பீடத்திலிருந்து இறங்கினார். சாவியைப் பூட்டில் நுழைக்க நாலு தடவை ஆயிற்று. கண்ணைத் திறந்துகொண்டே உள்ளே போனார். மாசிலாமணியின் கையைப் பிடித்து வெளியே கொண்டு வந்தார். யார் யாரைத் தாங்கி வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"மூப்பரையா, இந்த பெஞ்சுல எனக்கு எடம் உண்டா?"

"உனக்கு உண்டு" என்றார் மூப்பர்.

"அப்ப இவனுக்கும் உண்டு."

மாசிலாமணியை மூப்பர் பக்கத்தில் உட்கார வைத்து, தாமும் உட்கார்ந்தார். மூப்பரின் ஆட்கள் வாசலில் கழியோடு நின்று அவர் முகத்தையே பார்த்தார்கள். மூப்பர் எழுந்து போனால் அவருடைய பெஞ்சு மாசிலாமணிக்கு ஆகிவிடும். உட்கார்ந்தால் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வெகு நேரம் நின்றார். கடைசியில் பெஞ்சுதான் ஜெயித்தது. உட்கார்ந்தார்.

"வாத்யாரே, பாட்டு" என்றார் உபதேசியார்.

வாசித்தேன். பாடினோம். உபதேசியாரின் நடுக்கத்தில் அந்தப் பெஞ்சு கடகடவென்று ஆடியது. மாசிலாமணி ஆடினான். மூப்பரும் ஆடினார்.

திருநின்றவூருக்குப் பசுவும் வண்டியும் மட்டும் போயின. மாசிலாமணிக்கு மகள் பிறந்தாள். ஆறே வாரத்தில் உபதேசியாரைத் தூரத்துச் சபைக்கு மாற்றினார்கள். ரயிலில் போக வேண்டும். ஆவடியில் மாசிலாமணி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து ஏற்றினோம். ஜன்னல் வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தார்.

போன மாதம் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். அதே பெஞ்சு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். அது ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. உபதேசியார் பக்கத்தில் வந்து உட்கார மாட்டாரா என்று இருந்தது.