நெருப்புக்கும் வாசலுக்கும் நடுவே

லூடெரிட்ஸில் கடற்காற்றோடும் முழங்கால் வலியோடும் மல்லுக்கு நிற்கும் என் பிரியமுள்ள மக்ரீட்டா அக்காவுக்கு, தம்பி யோசப் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். முகம் மட்டும் ஒருமுறை நனைந்தது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். போனில் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுவதால்தான் இந்தக் கடிதம். கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

என் மகன் எல்ரிக்கோ ஹெரேரோ ஜனத்துப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது நீ சொன்னது மறக்கவில்லை. "நம்ம பாட்டன் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்க வீட்டு வாசல்ல, நாமா ஜனத்துக்காரி நான் காலை வைக்கவா?" என்றாய். அத்தை வந்து கேட்காவிட்டால் நம் ஜனத்தில் கல்யாணமே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். சரி, முதலில் நாங்களாவது போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லி வைப்போம் என்று போன வாரம் நானும் அவனும் பெண் வீடு இருக்கும் ஒட்ஜினேனேவுக்குக் கிளம்பினோம். அந்த நல்ல வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது.

போய்ச் சேர்ந்தபோது காலை நேரம். குளிர்காலம், புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. பெரிய வீட்டு வாசலுக்கும் கன்றுப்பட்டிக்கும் நடுவே ஒரு சாம்பல் மேடு, அதில் கேட்பாரில்லாமல் ஒரு கட்டை புகைகிறது. நானோ நீராவி எஞ்சின் பொறி பறந்து மைல்கணக்கில் புல்வெளி எரிந்ததைப் பார்த்த ரயில்காரன். புகையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? வாசலுக்கும் மேட்டுக்கும் நடுவே விறுவிறுவென்று நடந்துபோய், பிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பி முழுவதையும் ஊற்றி, பூட்ஸ் காலால் நாலு மிதி மிதித்து, "நெருப்பை இப்படியா விட்டுட்டுப் போறது, பொறுப்பு வேணாம்?" என்று சத்தமும் போட்டுவிட்டுத் திரும்பினால், வீடே வெளியே வந்து நிற்கிறது. மாட்டுக்கொம்பு போல இரு பக்கமும் நீண்ட தலைப்பாகை கட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லார் கண்ணும் என் பூட்ஸில். கன்றுகூட எட்டிப் பார்க்கிறது அக்கா. எல்ரிக்கோ தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, அது அவங்க மூதாதையர் நெருப்பு. செத்துப்போன பெரியவங்ககிட்ட பேசுற இடம். அதுக்கும் வாசலுக்கும் நடுவுல நடக்கவே கூடாது. நீங்க நடந்தது மட்டுமில்லாம..."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

"வண்டிய விட்டு இறங்குறதுக்குள்ள அணைச்சிடுவீங்கன்னு நான் கண்டேனா?"

பெண்ணின் தகப்பனார் கெர்ஹார்ட் ம்பாயேவா வந்தார். நெடுநெடுவென்ற ஆள், கையில் தடி. நாக்கைச் சொடுக்கிப் பேசும் நம் பேச்சு அவருக்குத் தெரியாது, அவர் பேச்சு எனக்குத் தெரியாது. ஜெர்மன்காரன் பேரை வைத்துக்கொண்டு அவரும் வேதாகமப் பேரை வைத்துக்கொண்டு நானும், இன்னொரு எஜமான் விட்டுப்போன ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் திட்டிக்கொள்ளவே முடியும். பையனின் கல்யாணம் காப்பியோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் குனிந்து சாம்பலை முகர்ந்தார்.

"காப்பியா?"

"ஆமாங்க."

"சர்க்கரை போட்டதா?"

"ரெண்டு ஸ்பூன்."

"ம். எங்க பெரிய தாத்தாவுக்குச் சர்க்கரை பிடிக்கும்."

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மயேண்டோ, அதாவது நம் எல்ரிக்கோ விரும்பும் பெண், தகரத் தட்டில் ஒரு தணலை ஏந்திக்கொண்டு வந்தாள். அந்த வீட்டு நெருப்பைக் காக்கிற மகள் அவள்தானாம். வெளியே எதுவானாலும் வீட்டுக்குள் ஒரு தணல் எப்போதும் இருக்குமாம். என்னைப் பார்த்து நம் பேச்சிலேயே சொன்னாள்: "பயப்படாதீங்க மாமா. மழை வரும், கன்னுக்குட்டி வரும், விருந்தாளி வருவாங்க. அதுக்குத்தான் உள்ள ஒண்ணு வச்சிருக்கோம்." ஒரு சொடுக்குத் தப்பவில்லை அக்கா. நம் பையனே இரண்டை விழுங்கிவிட்டுப் பேசுகிறவன்.

ம்பாயேவா தணலை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஜெர்மன்காரன் பீரங்கி வச்சு எங்களைப் பாலைவனத்துக்குள்ள துரத்தினான். கிணத்துக்கெல்லாம் காவல் போட்டான். அதுல நெருப்பு அணைஞ்ச வீடு எத்தனையோ. எங்க பாட்டியோட அம்மா இதை ஒரு சட்டியில வச்சு, குடிக்கத் தண்ணி இல்லாதப்பவும் குச்சியும் சாணியும் போட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோனா. அவன் பீரங்கிக்கு அணையாதது உங்க பிளாஸ்க்குக்கு அணைஞ்சிடுமா, ரயில்காரரே?"

அந்தச் சின்னத் தணலைப் பார்க்கிறேன், இந்த நாடே அதற்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. தொப்பியைக் கழற்றிக்கொண்டேன். அவர் மண்டியிட்டுச் செத்தவர்களின் பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார், பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை எழுப்புகிற மாதிரி. பிறகு என்னிடம் திரும்பினார்.

"உங்க ஆளுங்க பேரைச் சொல்லுங்க."

"எங்க கொள்ளுத்தாத்தா ஈசாக்கு."

"எங்க செத்தார்?"

"லூடெரிட்ஸ் தீவுல. ஜெர்மன்காரன் முகாம்ல."

அவருடைய பெரிய தாத்தாவும் அதே தீவில்தானாம் அக்கா. உன் ஜன்னலிலிருந்து தெரிகிற, இப்போது சுற்றுலாக்காரன் கூடாரம் போடுகிற அதே தீவில். அவர் நெருப்பைப் பார்த்து என்னவோ சொல்ல, மயேண்டோ அதை எனக்குச் சொன்னாள்: "இவங்க மாட்டை நீங்க ஓட்டினீங்க, உங்க மாட்டை இவங்க ஓட்டினாங்க. கடைசியில ரெண்டு பேரும் ஒரே சாக்கைப் போத்திக்கிட்டுக் குளிர்ல செத்தீங்க. அந்த வீட்டுப் பிள்ளை உங்களுக்குக் காப்பி கொண்டுவந்திருக்கு. பொறுத்துக்குங்க." நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே அவர் ஒரு வாய் தண்ணீரை என் முகத்தில் புஸ்ஸென்று கொப்பளித்தார். ஆசீர்வாதமாம், துடைக்கக் கூடாதாம். "வாங்க சம்பந்தி, பால் குடிக்கலாம்," என்றார். அன்றிலிருந்து எங்களைப் போகவிடாமல் சுரைக்குடுக்கையில் புளித்த பாலாகக் குடிக்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பந்தி கேட்பது ஒன்றுதான்: அந்தத் தீவுக் கரை மணல் ஒரு பிடி, அத்தை கையாலேயே வர வேண்டும், அந்த நெருப்பருகே வைக்க. எல்ரிக்கோ போன் போடுகிறேன் என்றான். "உன் போனை அத்தை எடுக்க மாட்டாடா, கடுதாசிதான் மரியாதை," என்று தடுத்துவிட்டேன். கோபத்தை விழுங்கிவிட்டு வா அக்கா. வந்தால் வண்டியிலிருந்து இறங்கி அப்படியே நில். நெருப்புக்கும் வாசலுக்கும் நடுவே மட்டும் நடக்காதே, கன்றுப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வா. நீ நிதானமானவள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் முழங்காலுக்கும் வாய்க்கும் கர்த்தர் ஓய்வு தருவாராக.

உன் தம்பி,
யோசப் போய்ஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெளியே வண்டிச் சத்தம். அந்தக் கழுதை பேச்சைக் கேட்காமல் உனக்குப் போன் போட்டிருக்கிறான். நீ எடுத்தும் இருக்கிறாய். ஒட்டுத்துணிப் பாவாடையோடு இறங்குவது நீயேதான். கையில் துணிமுடிச்சு, மணல் சிந்துகிறது. "அக்கா, சுத்தி வா!" என்று கத்தினேன். என் பேச்சை நீ எப்போது கேட்டாய்? நெருப்புக்கும் வாசலுக்கும் சரியாக நடுவே விறுவிறுவென்று வந்து, முடிச்சை அவிழ்த்து, மண்டியிட்டு அழுகிறாய். ஆகவே இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், பிறகு படித்துக்கொள். இப்போதைக்கு ஒன்று மட்டும்: சம்பந்தி வாய் நிறையத் தண்ணீரோடு உன்னை நோக்கி வருகிறார். துடைத்துவிடாதே.