கூர்மச் சாமியின் இரண்டு விளக்குகள்

காவாந்தண்டலத்துக்குக் கடவுள் வந்திருந்தார். வந்தவர் கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்க்கோடியில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே வாடகை குறைவு.

பங்குனி பிறந்ததிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸெல்லாம் அந்த மில் வாசலில்தான் காலியாயின. ராஜகுளத்திலிருந்து ஷேர் ஆட்டோ, தாமலிலிருந்து தனி வேன். கரும்புச் சாறு வண்டி, பஜ்ஜிக் கடை, பலூன்காரன். வாசலில் ஒரு பெரிய பேனர்: 'மகாவிஷ்ணுவின் இரண்டாம் அவதாரம் நேரில் பேசுகிறது!' அதன் கீழே காணிக்கை செலுத்த க்யூஆர் கோடு. அவதாரத்துக்கு எதற்கு வங்கிக் கணக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. செல்போனை நீட்டினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், உள்ளே போனார்கள்.

உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. சன்னலெல்லாம் கறுப்புத் தார்ப்பாய். நடுவில் மணல் பரப்பிய மேடை. மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மண் மாடம், மாடத்துக்குள் எண்ணெய் விளக்கு. வலப்பக்கம் இருப்பது 'சரி' விளக்கு. இடப்பக்கம் இருப்பது 'வேண்டாம்' விளக்கு. பக்தர் தன் குறையைச் சொன்னதும், கூர்மதாச சுவாமிகள் தாம்பாளத்திலிருந்து ஓர் ஆமைக் குஞ்சை எடுத்து மணலின் நடுவில் விடுவார். உள்ளங்கையில் பாதிகூட இராத கறுப்புக் குஞ்சு. துடுப்புப் போன்ற முன்கால்களை அடித்துக்கொண்டு அது ஏதாவது ஒரு விளக்கை நோக்கி ஓடும். தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

கிளி சீட்டெடுத்தால் ஜோசியம். ஆமை விளக்கெடுத்தால் அவதாரம். பறவைக்கும் ஆமைக்கும் அவ்வளவு அந்தஸ்து வித்தியாசம்!

சில நாளில் குஞ்சு சுருண்டு போனால், "ஐக்கியமாகிவிட்டது" என்பார் சுவாமிகள். ஐக்கியமானவரின் ஓட்டைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கட்டினால் தாயத்து. குஞ்சு கிடந்த உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தால் கூர்ம தீர்த்தம். கடவுளை இவ்வளவு சிக்கனமாக, ஒரு சொட்டும் வீணாக்காமல் பயன்படுத்திய பக்தர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இந்த வரிசையில் ஒருநாள் பஞ்சாட்சரமும் போய் நின்றார். சொந்தமாக நெல்லும் கரும்பும் வைக்கிற விவசாயி. உர மூட்டையைக்கூடப் பிரித்து, கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவரைப் பயம் பிடித்திருந்தது. மனைவி ஆதிலட்சுமிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. ஆள் வெளுத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. காஞ்சிபுரத்து டாக்டர் ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை நாள் குறித்துவிட்டார். 'கத்தி' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பஞ்சாட்சரத்துக்குத் தூக்கம் இல்லை.

பக்கத்து வீட்டு சொக்கம்மாள்தான் யோசனை சொன்னாள். "டாக்டரு மனுசன்தானேப்பா. சாமிய ஒரு வார்த்த கேட்டுக்கினு அப்புறம் அறுக்கலாம்."

வரிசையில் தாண்டவராயன் என்ற சீடர் மோர் கொடுத்துக்கொண்டு வந்தார். மோர் இலவசம். கூடவே, "இன்னா சார் கஷ்டம்? வூட்டுல யாருக்கு?" என்று விசாரிப்பும் இலவசம். பஞ்சாட்சரம் எல்லாவற்றையும் கொட்டினார். தான் மேடைக்குப் போவதற்குள் அந்தக் கஷ்டம் சுவாமிகள் காதுக்கு நடந்து போய்விட்டது என்பது அவருக்குத் தெரியாது.

"மனையாளுக்கு உதிர தோஷம்" என்றார் சுவாமிகள், கண்ணை மூடிக்கொண்டு.

பஞ்சாட்சரத்துக்கு உடம்பு சிலிர்த்தது. குஞ்சு மணலில் இறங்கியது. ஒரு வட்டம் அடித்தது. நேராக 'வேண்டாம்' விளக்குக்குப் போயிற்று.

"பகவான் கத்தியை மறுத்துவிட்டார். தினம் இருவேளை தீர்த்தம் கொடு."

பஞ்சாட்சரம் ஒரு பெட்டி தீர்த்தத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரமாட்டோம் என்று சொன்னார். அதன் பிறகுதான் மனைவியிடம் சொன்னார்.

மகள் இளமதிக்குச் செய்தி போய், ஒரகடத்திலிருந்து சனிக்கிழமையே வந்து இறங்கினாள். அங்கே ஒரு கார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை அவளுக்கு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா நைனா இது? ஆமை சொல்லிச்சுன்னு ஆபரேஷன நிறுத்துவாங்களா?"

"நீ கண்ணால பாத்தா இப்படிப் பேசமாட்ட. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள உதிர தோஷம்னு சொல்ட்டாரு."

"அம்மா இன்னா சொல்றாங்க?"

 கட்டிலில் சாய்ந்திருந்த ஆதிலட்சுமியே பதில் சொன்னாள்.

"ரத்தம் போறது எனக்கு. வலி எனக்கு. ஊரான் ஆமைய எல்லாம் கேட்டாரு உங்க நைனா. என்னை ஒரு வார்த்த கேக்கல."

 பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் பயம் அவரை விடவில்லை. "சாமி பேச்சத் தட்டி, உள்ள போனவ திரும்பலன்னா நான் இன்னாடி பண்ணுவேன்?" என்றபோது அவர் குரல் உடைந்தது. ஏமாற்றுக்காரன் எங்கே விதைக்கிறான் என்று தெரிகிறதா? முட்டாள்தனத்தில் இல்லை. பாசத்தில்.

"அந்தக் குஞ்சு எப்படி நைனா இருந்துச்சு?" என்று கேட்டாள் இளமதி. அவர் செல்போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள். சென்னையில் படித்தபோது, கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர்களோடு மூன்று வருஷம் அலைந்தவள். அவளுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. சட்டென்று அடங்கிச் சிரித்தாள்.

"அம்மா, உன்னால வண்டில உக்கார முடியுமா? நாளைக்கு நாமளே போய்க் கேக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மில்லில் இடிபடுகிற கூட்டம். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். ஆதிலட்சுமிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பஞ்சாட்சரத்தைப் பார்த்ததும் சுவாமிகள் புருவம் உயர்த்தினார்.

"தீர்ப்பு சொல்லியாயிற்றே? ஒரே கேள்வியைப் பகவானிடம் இருமுறை கேட்கலாகாது."

"கேட்டது அவரு" என்றாள் ஆதிலட்சுமி. "நோவு என்னுது. நான் இன்னும் கேக்கல."

கூட்டத்தில் பெண்கள் பக்கம், "ஆமா, நியாயந்தானே" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சுவாமிகளுக்கு வேறு வழி இல்லை. குஞ்சை எடுத்து மணலில் விட்டார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்போலவே 'வேண்டாம்' பக்கம் திரும்பியது.

மேடையின் பின்மூலையில் ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது. இளமதி அதன் பக்கத்தில் குனிந்து, செல்போன் டார்ச்சைப் போட்டு மணலோடு மணலாக வைத்தாள்.

குஞ்சு நின்றது. யோசித்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது யோசிக்கவில்லை. அப்படியே திரும்பி, துடைப்பத்தை நோக்கி விறுவிறுவென்று ஓடிற்று.

"சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. தொடப்பக்கட்டன்னு சொல்லுது சாமி" என்றாள் இளமதி.

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலரும்.

"அபசாரம்! செல்போன் கதிர்வீச்சால் பகவானுக்குச் சித்தம் கலங்கிவிட்டது!" என்று சுவாமிகள் கத்தினார்.

"சரி சாமி, போன அணைச்சிடறேன். நீங்க விளக்கு ரெண்டையும் அணைங்க. கதவத் தெறந்துட்டு எல்லாக் குஞ்சையும் விடுவோம். பகவானே எந்தப் பக்கம் போறாருன்னு பாக்கலாம்."

"கதவைத் திறந்தால் ஊர் அழியும்!"

ஊர் அழியும் என்றதும் பாதிக் கூட்டம் கையைக் கூப்பியது. மீதிக் கூட்டம் கதவைப் பார்த்தது. யாரும் நகரவில்லை. பஞ்சாட்சரம் மனைவியைப் பார்த்தார். இருட்டிலும் அவள் முகம் சுண்ணாம்பாகத் தெரிந்தது. அவர் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இரும்புக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளினார்.

அப்போதுதான் சுவாமிகளின் வாயிலிருந்து சுத்தமான வட்டாரத் தமிழ் வந்தது.

"யோவ், கதவ மூடுய்யா! வெளிச்சம் வந்தா எல்லாம் அந்தப் பக்கம் ஓடிடும்யா!"

அவரை அம்பலப்படுத்த வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. சித்திரை வெயில் உள்ளே பாய்ந்தது. இளமதி தாம்பாளத்தை மணலில் மெல்லச் சாய்த்தாள். அத்தனை குஞ்சுகளும் ஒரு முகமாக, வெளிச்சம் வந்த வாசலை நோக்கித் தத்தித் தத்தி ஓடின. காவாந்தண்டலத்தில் ஒரு கட்சிக்கும் கிடைக்காத ஏகமனதான ஓட்டு அது.

"இது பங்குனி ஆமைக் குஞ்சு. கடலோர மணல்ல பொரிக்கிறது" என்றாள் இளமதி, குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தாம்பாளத்துக்குத் திருப்பிக்கொண்டே. "இருட்டுல கடல் பக்கந்தான் வெளிச்சமா தெரியும். வெளிச்சத்தப் பாத்து ஓடினா தண்ணிக்குப் போய்ச் சேரலாம். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். கரையில எவனாவது லைட்டப் போட்டா ரோட்டுப் பக்கம் ஏறி வண்டில நசுங்கும். இல்லன்னா நாயோ நண்டோ இழுத்துக்கினு போவும். உங்க கஷ்டம்லாம் அதுக்கு இன்னா தெரியும்?"

வெயிலில் இன்னும் சில தெய்வ ரகசியங்கள் தெரிந்தன. மாடங்களின் அடியில், மணலோடு ஒட்டி, ஆமை கண்ணுக்கு மட்டும் படுகிற உயரத்தில் ஒரு துளை. துளைக்குள் குட்டி பல்பு. பல்பிலிருந்து ஒயர். ஒயர் போய் முடிந்த இடம் சுவாமிகள் உட்கார்ந்திருந்த புலித்தோல். அதுவும் பிரின்ட் போட்ட பெட்ஷீட். தூக்கிப் பார்த்தால் இரண்டு சுவிட்ச்.

மேடைக்குப் பின்னே தொங்கிய திரைக்கு அப்பால் யாரோ ஒரு பெண் போய்ப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அங்கே மணல் நிரப்பிய பக்கெட்டுகளில் முட்டைகள். கல்லுப்பு மூட்டை. பழைய செய்தித்தாளின் மேல், ஐக்கியமான குஞ்சுகள் காயப் போட்ட வடகம் மாதிரி வரிசையாக. 

கூட்டத்தில் நின்றிருந்த சொக்கம்மாள் தன் கழுத்துத் தாயத்தைத் தொட்டாள். தொட்ட கையை உதறினாள். "அடப்பாவி, செத்த பொணத்தையாடா கழுத்துல கட்டிவிட்ட?"

சுவாமிகள் பின்வாசலுக்கு ஓடினார். ஆமை வேகம்கூட இல்லை, வேட்டி தடுக்கிற்று. தாண்டவராயன் மோர்ப் பானையைப் போட்டுவிட்டு அவருக்கு முன்பே போய்விட்டார். வனத்துறையும் போலீசும் வந்து விசாரித்ததில், சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் வினோத்குமார் என்றும், கலர்மீன் கடை வைத்து நொடித்தவர் என்றும் தெரிந்தது. கடலோரத்தில் முட்டை திருடுகிறவர்களிடம் வாங்கி வந்து பொரிக்க வைத்திருக்கிறார். இந்த ஆமையையோ முட்டையையோ தொட்டாலே சட்டப்படி ஜெயில் என்று ரேஞ்சர் சொன்னார். பகவானின் பெயரால் தொட்டால் தள்ளுபடி உண்டா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

அன்று மாலையே பஞ்சாட்சரம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். போடுவதற்கு முன் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"ஆதி, நீ இன்னா சொல்ற?"

"இப்பவாச்சும் கேட்டியே" என்றாள் அவள். "போடு."

திங்கட்கிழமை போன ஆதிலட்சுமி, அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். கட்டி கெட்ட கட்டி இல்லை. இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் ரத்தமில்லாமலே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். பஞ்சாட்சரம் தீர்த்தப் பெட்டியைத் தூக்கி வந்து, பாட்டில் பாட்டிலாகச் சாக்கடையில் கவிழ்த்தார்.

பிழைத்த குஞ்சுகளை, மில்லிலிருந்து மீட்ட மறுநாளே வனத்துறை கடலில் விட்டுவிட்டது. பக்கெட்டு முட்டைகளைக் கடற்கரை மணலில், வலைபோட்டுப் பாதுகாத்த இடத்தில் புதைத்தார்கள். பாதிக்கு மேல் கெட்டுவிட்டன. மிச்சம் பொரிந்த சாயங்காலம் இளமதி தன் வீட்டாரை அழைத்துப் போனாள். சொக்கம்மாளும் வேனில் ஏறிக்கொண்டாள்.

கரையிலிருந்த விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். கூடையைச் சாய்த்ததும் குஞ்சுகள் ஈர மணலில் கோடு கிழித்துக்கொண்டு இறங்கின. ஓர் அலை வந்து சிலவற்றைப் புரட்டிப் போட்டது. அவை நிமிர்ந்து மறுபடி நடந்தன. அடுத்த அலையில் காணோம். ஆதிலட்சுமி மணலில் உட்கார்ந்து, அந்தக் கூடையின் கடைசிக் குஞ்சு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் அவள் தோளில் கை வைத்திருந்தார்.

சொக்கம்மாள் மட்டும் மெல்ல நகர்ந்து வனக்காவலரிடம் போனாள். "சாரு, அவன் பிராடு சரி. ஆனா ஆமை பொய் சொல்லாது இல்ல? அடுத்த கூடைய விடறதுக்கு முன்னாடி, எங்க நெலத்துல போர் போட்டா தண்ணி வருமான்னு ஒரே ஒரு வாட்டி..."

காவலர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆமைக் குஞ்சை மன்னித்துவிடலாம். அது நேற்றுப் பிறந்தது, தலையும் சுண்டைக்காய் அளவு. எவன் விளக்குப் போட்டாலும் கடல் என்று நம்பி ஓடும். ஓட்டுரிமை வந்து எத்தனையோ வருஷமான பெரிய மனுஷர்களே, உங்களுக்கு என்ன சாக்கு? விளக்கைப் பார்த்ததும் ஓடாதீர்கள். சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.