நாற்பது மணல் மூட்டைகளும் ஒரு முயலும்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் பள்ளத்தில், நாணல்குழி என்றொரு ஊராட்சி இருந்தது. நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் ஆறு ஊருக்குள் வந்துவிடும். அதனால் மேல்காட்டுச் சிங்கம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளத்தில் உள்ள ஊராட்சிகளெல்லாம் மழைக்கு முன்பே நாற்பது மணல் மூட்டைகளோடு தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் எண் போட்ட தகர வில்லை ஒன்று தொங்க வேண்டும். ஆய்வுக்குக் கொக்கு வரும்.

நாணல்குழியின் தலைவர் ஆமை. வெள்ளம் வந்தால் நீந்திக்கொள்ளலாம் என்று அவர் நிம்மதியாக இருந்தார். வேலையெல்லாம் எழுத்தர் பெருச்சாளி பரமானந்தத்தின் தலையில் விழுந்தது. அவர் மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளையம்மாள் என்ற முயலின் வளை ஆற்றங்கரையில் இருந்தது. உள்ளே பிறந்து பத்தே நாளான நாலு குட்டிகள். வளை வாசலில் வைக்க நாலு மூட்டை கேட்டு அவள் மூன்று முறை மனு எழுதினாள். மூன்றாவது மனுவுக்குத்தான் பதில் கிடைத்தது.

"வெளியில வச்சா மூட்டை நனையும்மா. நனைஞ்ச மூட்டைக்கு கொக்கு ஐயாகிட்ட யாரு பதில் சொல்றது?" என்றார் பரமானந்தம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் காலையில் ஆறு கரை தாண்டியது. உடனே கொக்கிடமிருந்து தகவல் வந்தது. நாற்பது மூட்டைகளையும் பத்திரமாகக் குன்றின் மேல் ஏற்ற வேண்டும், பகலுக்குள் தானே நேரில் வந்து எண்ணிப் பார்க்கும். வெள்ளத்தைத் தடுக்க வாங்கிய மூட்டைகளை வெள்ளத்திடமிருந்து காப்பாற்ற, இருந்த ஒரே எருமை வண்டியும் புறப்பட்டது. ஊரார் அவரவர் காலை நம்பி மேட்டுக்கு ஓடினார்கள்.

வெள்ளையம்மாளுக்கு வாய் ஒன்று, குட்டிகள் நாலு. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு குன்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் வளை மூழ்கிவிடும். குட்டிகளைக் கிடங்கு வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதற்குள்ளேயே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டியில் கொஞ்சம் இடம் கேட்டுக் கெஞ்சினாள்.

"வண்டி உபகரணத்துக்கு மட்டுந்தாம்மா. உத்தரவை நல்லாப் படிச்சிட்டேன். உசுருன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல."

சொல்லிக்கொண்டே பரமானந்தம் மூட்டைகளை இன்னொரு முறை எண்ணினார். வண்டியில் முப்பத்தாறு மூட்டைகள்தான் இருந்தன. மீதி நாலும் போன மாதமே அவருடைய சொந்த வளை வாசலுக்குப் போய்விட்டன. அது அந்தத் தெருவுக்கே தெரியும். இப்போது அந்த வளையும் இல்லை, மூட்டைகளும் இல்லை. நாலு தகரவில்லைகள் மட்டும் அவர் கையில் கிடந்தன.

முயல் வில்லைகளைப் பார்த்தாள். குட்டிகளைப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கு நாலு குறையுது. எங்கிட்ட நாலு இருக்கு," என்றாள்.

பரமானந்தம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குட்டிகள் நாலும் நாலு காலிச் சாக்குகளில் இறங்கின. முப்பத்தேழு முதல் நாற்பது வரை வில்லைகள் தொங்கின. வண்டி நகர்ந்தது. வெள்ளையம்மாள் சேற்றில் விழுந்தடித்துப் பின்னாலேயே ஓடினாள்.

குன்றின் மேல் கொக்கு ஒவ்வொரு மூட்டையையும் அலகால் குத்திப் பார்த்தது. முப்பத்தேழாவது மூட்டை கீச்சென்று கத்தியது. கொக்கு அசந்துபோனது.

"அது அபாய மணிங்க ஐயா. புதுசா வந்திருக்கு," என்றாள் முயல்.

கொக்கு அதை அப்படியே எழுதிக்கொண்டது. நாற்பதுக்கு நாற்பது, நாலு மூட்டைகளில் ஒலி எழுப்பும் வசதி, மற்ற ஊராட்சிகளும் பின்பற்றலாம். ஊரில் எத்தனை பேர் தப்பினார்கள் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. நாணல்குழிக்கு முன்மாதிரி ஊராட்சி விருது கிடைத்தது. ஆமை நீந்திப் போய் வாங்கி வந்தார்.

தண்ணீர் வடிந்ததும் நாற்பது மூட்டைகளையும் பழையபடி கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். வெள்ளையம்மாள் குட்டிகளைத் திருப்பிக் கேட்டாள். பரமானந்தத்துக்கே சங்கடமாகத்தான் இருந்தது. பதிவேட்டில் ஏறிய சாமானை அடுத்த வெள்ளம் வந்தால்தான் வெளியே எடுக்க முடியும் என்றார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த ஆளைக் கடித்தே விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிடங்குக்குள் கேட்ட சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"மணிச் சத்தம் குறையுதுங்க ஐயா. பால் குடுக்கலைன்னா நாளைக்கு நாலுமே வேலை செய்யாது. கொக்கு ஐயா திரும்ப வந்து குத்திப் பார்த்தா என்ன சொல்லுவீங்க?"

பரமானந்தம் அவசரமாகப் பதிவேட்டைத் திறந்தார். வரிசை எண் நாற்பத்தொன்று: பராமரிப்புக் கருவி, முயல் வடிவம். அவள் காதில் வில்லையைக் கட்டினார்.

இப்போது குன்றின் மேல் புதிதாகக் கட்டிய கிடங்கில், ஒழுகாத கூரைக்குக் கீழே, வெள்ளையம்மாள் குட்டிகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். மாதம் ஒருமுறை கொக்கு வந்து நலம் விசாரிக்கிறது. கீழே ஊராட்சி அலுவலக வாசலில் நரி, மான், முள்ளம்பன்றி எல்லாம் கைக்குழந்தைகளோடு வரிசையில் நிற்கின்றன. தங்களையும் மணல் மூட்டையாகப் பதிந்துகொள்ளச் சொல்லித்தான் மனு.

நீதி: வெள்ளத்தில் பிழைக்க நீச்சல் தெரிய வேண்டியதில்லை, அரசாங்கச் சாமானாக இருந்தால் போதும்.