காலஞ்சென்ற மிக்கியோனின் மறுபிறப்பு விண்ணப்பம்

லெம்னோஸ் தீவில் நிலபுலன்களோடு சௌக்கியமாக இருக்கும் என் மூத்த அண்ணன் தெலேசியாஸ் அவர்களுக்கு, ஏதென்ஸிலிருந்து காலஞ்சென்ற தம்பி மிக்கியோன் வணங்கி எழுதிக்கொள்வது. தங்கள் உடம்பும், அண்ணியின் உடம்பும், ஆடுகளின் உடம்பும் நலமாக இருக்க வேண்டும் என்று ஜீயஸ் கடவுளைப் பிரார்த்திக்கிறேன். அது அவர் காதில் விழுமா என்பது சந்தேகம், ஏனென்றால் கோயில் எல்லைக் கல்லைத் தாண்டி என்னை விடுவதில்லை. இவ்விடம் என் நலத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்கிறது. நான் நலம் என்று நான் சொல்கிறேன். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அண்ணா. போன வசந்தத்தில் எங்கள் போர்க்கப்பல் மூழ்கியது உண்மை. அதில் துடுப்பு வலித்த நூற்றெழுபது பேரில் நானும் ஒருவன் என்பதும் உண்மை. நான் செத்தேன் என்பது மட்டும்தான் கலப்படம். உடைந்த துடுப்பு ஒன்றின் இந்த முனையில் நானும் அந்த முனையில் எனக்கு முன் பலகையில் உட்காரும் ஸ்திராத்தோனும் தொங்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க மிதந்தோம். சாயங்காலம் அவன், "கரை தெரியுதாடா?" என்று கேட்டான். அவனுக்கு உப்புநீரில் கண் வீங்கி மூடிவிட்டது. தெரியுது என்று பொய் சொன்னேன். "அப்ப நீ பொழைச்சுக்குவே. இந்தக் கட்டை ரெண்டு பேரத் தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். மறுநாள் கடற்பஞ்சு எடுப்பவர்கள் என்னைப் பொறுக்கி, பஞ்சோடு பஞ்சாக ஏதோ ஒரு தீவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கால் முறிவும் காய்ச்சலுமாக ஏழு மாதம் அங்கே கிடந்தேன். அந்த ஏழு மாதமும் எனக்கு இருந்த ஒரே தெம்பு, வீட்டில் நமக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான். நீங்கள் எவ்வளவு காத்திருந்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்பது நாள். ஊறப்போட்ட ஆலிவ் காய்க்குக்கூட அதைவிட அதிக நாள் கொடுப்போம்.

துறைமுகத்தில் இறங்கி நொண்டிக்கொண்டே நடந்து வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினேன். நௌசிமாகே திறந்தாள், பார்த்தாள், மூடினாள். என் மனைவி என்பதால் ஆனந்தத்தில் மயங்கி விழுந்திருப்பாள் என்று நினைத்து, "மெதுவா எழுந்து வா, அவசரமில்ல" என்றுகூடச் சொன்னேன். மாடி ஜன்னலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் என் தலையில் விழுந்தது. எதிர்வீட்டுத் தோல் பதனிடும் ஆர்க்கியாஸ் தன் வாசலில் நின்றபடி, கிட்டே வராமல், "மிக்கியோனு, தப்பா நெனைக்காதே. ஒனக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. நான்தான் முன்னால தூக்கினேன்" என்றான். எதைத் தூக்கினாய் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. உடம்பு கிடைக்காததால் வெறும் பாடையில் என் நல்ல கம்பளி மேலாடையை விரித்துப் படுக்கவைத்து, அதற்கு எண்ணெய் தடவி, அதைச் சுற்றி நின்று பெண்கள் மாரடித்து, விடிவதற்குமுன் தெரு வழியே தூக்கிப்போய் நீ அதை எரித்திருக்கிறாய். இந்தக் குளிரில் எனக்கு வேறு மேலாடை கிடையாது என்பதை இந்த இடத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். பிறகு விருந்து. செத்தவனே விருந்து கொடுப்பதாக அல்லவா நம் வழக்கம், அதனால் எல்லோரும் என்னை வாய்நிறைய வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டார்களாம். ஈரல் சரியாக வேகவில்லை என்று ஆர்க்கியாஸ் இப்போது என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறான், நான் சமைத்த மாதிரி.

சரி, சர்க்கார் இருக்கிறதே என்று எங்கள் குலப் பிரிவின் எழுத்தரிடம் போனேன். போரில் மாண்டவர்கள் பெயரையெல்லாம் வெட்டியிருக்கும் கல்லை அவர் காட்டினார். ஸ்திராத்தோனுக்குக் கீழே நான். வாழ்நாளில் என் பெயரை யாரும் இவ்வளவு அழகாக எழுதியதில்லை. "இத அழிங்க ஐயா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அழிக்கலாம். அழிச்சா நீ உயிரோட இருக்கேன்னு ஆகும். உயிரோட இருந்தவன் ஏன் ஏழு மாசமா படைக்கு வரலேன்னு கேப்பாங்க. ஓடிப்போனவன்னு வழக்குப் போடுவாங்க. இப்ப நீ மாவீரன். எது வேணும், நீயே சொல்லு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் சடங்கு நியமங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் பெரியவரிடம் போய் விழுந்தேன். விழுந்தேன் என்றால் பத்தடி தள்ளி விழுந்தேன், கிட்டே விடவில்லை. அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் இருமினேன். "இருமாதே, செத்தவன் இருமக் கூடாது" என்று ஆரம்பித்து, விதியைச் சொன்னார். சடங்கு முடிந்தவன் திரும்பி வந்தால் அவன் தீட்டு. அவன் தொட்ட ஆள் தீட்டு, அவன் நுழைந்த வீடு தீட்டு. அவன் ஒழுங்காக இன்னொரு முறை பிறந்தால் ஒழிய வழி கிடையாது. பிறப்பது எப்படி என்று கேட்டேன். எல்லோரும் பிறக்கிற மாதிரிதான் என்றார். பெண்கள் என்னைக் குழந்தையைப்போல் குளிப்பாட்டி, கழுத்திலிருந்து கால்வரை துணியில் இறுக்கிச் சுற்றி, பால் புகட்ட வேண்டும். பிறகு வீட்டின் மூத்த ஆண்மகன் என்னைக் கையில் ஏந்தி அடுப்பைச் சுற்றி ஓட வேண்டும். பத்தாம் நாள் அவனே எனக்குப் பெயர் வைக்க வேண்டும். அதன்பிறகு நான் ஆள். என் வீடு என் வீடு. என் மனைவி என் மனைவி. அப்பா இல்லாத நம் வீட்டில் மூத்த ஆண்மகன் நீ. உன் இடுப்புவலி எனக்குத் தெரியும். நான் தீவில் பட்டினி கிடந்து பாதியாகிவிட்டேன், தூக்கிவிடலாம். ஓட வேண்டும் என்றுகூட இல்லை, வேகமாக நடந்தால் போதும் என்று பெரியவரிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

பால் விஷயத்தில்தான் பெரிய பாடாகப் போயிற்று. நம் தெருக்கோடியில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் மெலித்தாவிடம் ஆர்க்கியாஸின் பெண்டாட்டி எனக்காகத் தூது போனாள். "எத்தனை வயசுப் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறாள் அவள். முப்பத்திரண்டு என்றதும், "பல்லு முளைச்ச பிள்ளைக்கு நான் கொடுக்கறதில்ல" என்று கதவைச் சாத்திவிட்டாள். பிறகு கிண்ணத்தில் கறந்து வைத்துவிடுவதாகவும், நான் அதைக் குடிக்கும்போது அவள் இருக்கும் பக்கம் திரும்பக் கூடாது என்றும், குடித்து முடித்ததும் ஏப்பம் விட வைப்பது அவள் பொறுப்பில்லை என்றும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இத்தனை அவமானத்தையும் நான் ஏன் பொறுத்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தோன்றும். சொல்கிறேன்.

எந்த வீட்டிலும் சேர்க்காததால் நகர வாசலுக்கு வெளியே என் சமாதியில்தான் குடியிருக்கிறேன். சொந்த இடம் என்று இப்போது எனக்கு இருப்பது அது ஒன்றுதான். நீ வைத்த கல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்தச்சன் கடையில் தயாராக இருந்ததை வாங்கியிருக்கிறாய் என்று பார்த்தாலே தெரிகிறது. தாடி வைத்த ஒரு கிழவர் நாயோடு நிற்கிறார். எனக்கு நாயே கிடையாது. போகட்டும். ஜனங்கள் பக்கத்துச் சமாதிகளுக்குப் படைக்கிற தேன் பணியாரத்தில் நான் உயிர் வளர்க்கிறேன். போன அமாவாசை மறுநாள் நௌசிமாகே வந்தாள். கூடையில் ரிப்பனும் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி கல்லின் முன் உட்கார்ந்து, கல்லோடு பேச ஆரம்பித்தாள்.

"பிலின்னாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு," என்றாள் கல்லிடம்.

"எப்ப?" என்றேன் நான், கல்லுக்குப் பக்கத்திலிருந்து.

"போன வாரம். அப்பாவப் பாக்கணும்னு அழுவுது. அப்பா கல்லாயிட்டாருன்னு சொல்லிவெச்சிருக்கேன்."

"நான் இங்கதானே நிக்கிறேன், நௌசிமாகே. இந்தப் பக்கம் திரும்பேன்."

அவள் திரும்பவில்லை. கிழவரின் நாய்க்கு எண்ணெய் தடவினாள். "திரும்பினா எனக்குத் தீட்டு. எனக்குன்னா பரவால்ல. பிள்ளை என் மடியிலதானே தூங்குது," என்றாள். கல்லைச் சுற்றி ரிப்பனைக் கட்டினாள். பிறகு மெதுவாக, "உங்க அண்ணன் கப்பலேறுறதுக்கு முன்னாடியே என்னை எண்ணெய்க் கடை அந்தியாஸுக்குப் பேசி முடிச்சிட்டாரு. தை பொறந்தா கல்யாண மாசம். நான் என்ன பண்ணட்டும், நீங்க செத்துட்டீங்களே," என்று கல்லைக் கேட்டாள்.  

அண்ணா, அந்தியாஸ்! ஒரு கண் எண்ணெயிலும் ஒரு கண் அளவைப் படியிலும் இருக்கிற அந்த ஆளுக்கா? அவன் இரண்டு நாளுக்கு ஒருமுறை என் சமாதிக்கு வந்து, நான் நிஜமாகவே செத்துத்தான் கிடக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். "ஒண்ணும் அவசரமில்ல, நல்லா ஓய்வெடுங்க" என்று மரியாதையாகச் சொல்கிறான். என் அண்ணன் இப்படிச் செய்வான் என்று அந்தத் தீவில் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவன் பல்லை உடைத்திருப்பேன். ஒன்பது நாளில் எரித்தாய், ஒரு மாதத்தில் என் வீட்டை இன்னொருவனுக்குக் கொடுத்தாய், அடுத்த கப்பலில் லெம்னோஸுக்குப் போய் நிலம் வாங்கி ஆடு மேய்க்கிறாய். சின்ன வயதில் எனக்கு அத்திப்பழத்தைக்கூட எண்ணிக் கொடுத்தவன்தானே நீ. கிரகம் பிடித்ததுபோல் உன் முகத்தையே நினைத்துக்கொண்டு கல்லோரம் படுத்திருக்கிறேன். 

ஆகவே தயவுசெய்து வந்து சேரவும். இன்னும் இருபது நாளில் கடல் கொந்தளித்துக் கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். அதற்கப்புறம் நீ வசந்தத்தில்தான் வரமுடியும், அப்போது என் மனைவி அந்தியாஸின் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள், நான் மெய்யாகவே கல்லாகியிருப்பேன். நீ என்னைக் கொன்றதற்குப் பரிகாரமாக ஒருமுறை என்னைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் போ. வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணிக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்குச் செத்துப்போன சித்தப்பாவின் ஆசிகள். எல்லாத் தெய்வங்களும், மேலே உள்ளவையும் கீழே உள்ளவையும், உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கையால் எரிக்கப்பட்ட
மிக்கியோன்

பின்குறிப்பு: இதை மடித்து முத்திரை வைக்கும்போது நௌசிமாகே வந்தாள். கூடை இல்லை. கல்லின் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து என் முகத்தைப் பார்த்து, "எழுந்து வாங்க வீட்டுக்கு" என்றாள். துறைமுகத்தில் இறங்கிய ஒரு மாலுமி சொன்னானாம், லெம்னோஸில் காய்ச்சல் பரவி நீ போய்விட்டாய் என்று. அவன் உன்னைப் பார்க்கவில்லை, வேறொருவன் சொல்லக் கேட்டானாம். வீட்டு வாசலில் தீட்டுத் தண்ணீர் வைத்தாயிற்று. சாவு விழுந்த வீடு ஏற்கெனவே தீட்டு, அதனால் நான் நுழைவதில் புதிதாகக் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று பெரியவர் இந்த முறை யோசிக்காமலே சொல்லிவிட்டார். உன் சடங்கைச் செய்ய இங்கே நம் வீட்டில் வேறு ஆண்மகன் இல்லை. ஒரு பிணத்துக்கு ஆள் தேவைப்பட்டதும் எனக்கு உயிர் வந்துவிட்டது. பெண்ணைக் கொடுக்க வேண்டியவன் போனதால் அந்தியாஸின் கல்யாணமும் நின்றது. மெலித்தாவின் பால் வேண்டியதில்லை. இதை நம் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிலின்னா என் தாடியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

வெறும் பாடை தயாராக இருக்கிறது. அதில் விரிக்க உன் பழைய மேலாடையை எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் செய்யமாட்டேன் என்றேன். "செய்யலேன்னா அவரு செத்தவங்க கடக்கற ஆத்தங்கரையில படகு கிடைக்காம நின்னுக்கிட்டே இருப்பாரே" என்று நௌசிமாகே அழுதாள். செய்துவிட்டு அவன் வந்து கதவைத் தட்டினால் என்ன பண்ணுவாய் என்று கேட்டேன். அவள் அந்த மேலாடையை எடுத்து மடித்தாள். பிறகு சொன்னாள்: "உங்களுக்கும் இப்படித்தான். உங்க அண்ணன், இப்ப சடங்கு வேணாம், வருசம் திரும்பற வரைக்கும் பாக்கலாம்னாரு. நான்தான் ஒன்பது நாளும் தூங்காம, நீங்க கரையில நிக்கிறீங்க, குளிருதுன்னு சொல்லிச் சொல்லி அவரச் செய்ய வெச்சேன். உங்க மேலாடைய விரிச்சது நான். அவரு அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. அந்தியாஸ அவரு மாப்பிள்ளை பாத்ததுகூட, நானும் பிள்ளையும் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு நான் கேட்டுத்தான்."

மேலே எழுதியதை அடிக்கலாம் என்றால் தாள் முழுக்கக் கறுப்பாகிவிடும். படிக்காமல் விட்டுவிடு. பாடையைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஊர் என்ன சொன்னாலும் வசந்தம்வரை உனக்குச் சடங்கு கிடையாது. நிஜமாகவே போயிருந்தால், அந்தக் கரையில் கொஞ்சம் பொறுத்துக்கொள், ஸ்திராத்தோனும் அங்கேதான் எங்காவது நிற்பான், பேச்சுத்துணைக்கு ஆகும். போகவில்லையென்றால் தட்டாமல் நேராக உள்ளே வா. இந்தக் கடிதத்தை நாளைக்குப் போகும் கப்பலில் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிக்கொள்ள நீ இருக்கணும், அண்ணா.