மாமனாரின் நெஞ்சுவலியும் என் கட்டைவிரலும்

எங்கள் குடும்பத்திலேயே, இதயம் நன்றாக இருக்கிறது என்று ஓடுகிற ஆம்புலன்ஸில் நிரூபித்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். அன்றைக்கு நெஞ்சுவலி என் மாமனாருக்கு என்பது வேறு விஷயம்.

நான் ஓசூர்ப் பக்கம் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். வண்டிக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. விரல் நுனி ரத்தத்தை ஓர் அட்டையில் விட்டுச் செருகினால், இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று போகிற வழியிலேயே சொல்லிவிடும். பயிற்சியில் நான்தான் முதல். (அந்தத் திமிர் நடையிலேயே தெரிந்தது என்பார் என் கணவர்.)

கருவி வந்த வாரமே பேரிகையிலிருந்து அழைப்பு. விலாசம் பழக்கமானதாக இருக்கிறதே என்று போனால், ரோஜாத் தோட்டத்துக் கொட்டகையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார் மாமனார்.

"வெறும் வாயுத் தொல்லதாம்மா. ஒரு சோடா குடிச்சா போயிடும். உன்ன யாரு கூப்ட்டா?"

"அத்தைதான் மாமா. பேசாம படுங்க."

அவரை வண்டியில் ஏற்றிக் கிளம்பினோம். ஈசிஜியில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. போனில் டாக்டர், "ரத்தத்தைப் பாருங்க. அளவு ஏறியிருந்தா நேரா ஓசூர் இதய ஆஸ்பத்திரி. நான் சொல்லி வைக்கிறேன். இல்லன்னா வழியில இருக்கற ஆஸ்பத்திரியிலயே காட்டலாம்" என்றார்.

யாரை வேண்டுமானாலும் குத்தக் கற்றுத்தந்திருந்தார்கள், மாமனாரைக் குத்த மட்டும் கற்றுத்தரவில்லை. அவர் விரலை என் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஊசியைத் தட்டினேன். ரோஜா முள்ளுக்கே அசையாத மனிதர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆனாலும் ரத்தம் வந்தது. சின்னக் குழாயில் உறிஞ்சி, அட்டையில் விட்டு, செருகிவிட்டுச் சாமியை வேண்டிக்கொண்டேன்.

"மாமா, நார்மல்!" வண்டியே அதிர்ந்திருக்கும்.

"நான்தான் சொன்னேனே! முனிராஜு, வண்டியத் திருப்புப்பா. பூ பறிக்க ஆளு வந்திருக்கும்."

டிரைவர் முனிராஜ் திரும்பிப் பார்த்தார். "அக்கா, உன் கையில என்ன ரத்தம்?"

என் கையுறையின் கட்டைவிரலில் ஓட்டை. மாமனாரின் விரலில் ஒரு கீறல்கூட இல்லை. (வலிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அந்தப் பதற்றத்தில் தேள் கொட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.)

வெட்கப்பட நேரமில்லை. புதுக் கையுறை, புது ஊசி, புது அட்டை. "இப்ப கைய இழுத்தீங்க, அத்தைகிட்டச் சொல்லிடுவேன்" என்றேன். அசையவில்லை. இந்த முறை அவர் ரத்தம்தான். அளவு எகிறியிருந்தது. எனக்கு அப்பா இல்லை, அந்த இடத்தில் இருப்பவர் இவர்தான். போனில் டாக்டருக்குச் சொல்லிவிட்டுக் கத்தினேன்.

"முனிராஜ், இதய ஆஸ்பத்திரிக்கே விடு!"

பாகலூர் சாலை லாரிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டிக்கொண்டே பறந்தார் முனிராஜ். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்கள் தயாராக நின்றார்கள். அடைப்பை எடுத்த டாக்டர் வெளியே வந்து, "வழியிலேயே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு" என்றார். அதை நான் மறுபடி சொல்ல ஆரம்பித்தாலே முனிராஜ் இப்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறார்.

மாமனார் என்னைவிட மோசம். "என் மருமக வண்டியிலயே புடிச்சுட்டா!" என்று பூ மார்க்கெட் முழுக்கச் சொல்வார். எனக்குத் தலை நிமிரும். உடனே, "ஆனா மொதல்ல அவளுக்குத்தான் பாத்துக்கிட்டா" என்று முடிப்பார்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஷாயம் வைக்கப் போனார். மாமனார் கட்டிலருகே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, விரலை நீட்டினார்.

"ஜொரமாம்மா? இந்தா, என் ரத்தத்த எடுத்து டெஸ்ட் பண்ணிடு."